பிரிக்காத பெட்டி

தெருவில் எல்லோருக்கும் அவள் போட்டோக்கா. பதினாறு வருடம் கல்யாண வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் எடுத்த படங்கள் லட்சத்தைத் தாண்டியபோது, உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டாள். ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, பீரோவில் இருக்கும் டிஸ்கில் ஒன்று, மூன்றாவது வேறு வீட்டில்.

"என் வீட்ல வைம்மா. நான் பாத்துக்கறேன்" என்று அண்ணன் தானாகவே முன்வந்தார். அலுவலகத்தில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவர். பெரிய டிஸ்க் ஒன்றை வாங்கி அவரிடம் கொடுத்தாள். அதில் ஏற்றச் சொல்லி, பழைய படங்கள் மொத்தத்தையும் முதலில் வேறொரு டிஸ்கில் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிறகு மாதாமாதம் புதுப் படங்களைச் சின்ன டிஸ்கில் கொண்டுபோவாள். மறுவாரம் திருப்பித் தருவார்.

"ஏத்தியாச்சாண்ணே?"

"ஆச்சு, ஆச்சு. நீ கவலையை விடு."

அந்த ஒரு வார்த்தையை நம்பிச் சின்ன டிஸ்கை அழித்துவிடுவாள். மூன்று வருடம் இப்படியே ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி வீட்டுத் தண்ணீர்க் குழாய் வெடித்தது. திங்கள் காலை ஸ்டுடியோவைத் திறந்தால் கூரைப் பலகை பெயர்ந்து கம்ப்யூட்டர் மேல் விழுந்து கிடக்கிறது; பீரோவுக்குள்ளும் தண்ணீர் இறங்கி டிஸ்க் நனைந்திருக்கிறது. அவள் பதறவில்லை. அண்ணன் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தாள்.

அண்ணி பரணிலிருந்து பெரிய டிஸ்கின் பெட்டியை இறக்கிக் கொடுத்தார். கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் உறைகூடக் கிழியவில்லை.

அண்ணன் முகம் சுண்டிப்போனது. "நேரமே அமையலம்மா. என்ன ஆகிடப்போகுதுன்னு..."

"நேரம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பண்ணியிருப்பேனே. மூணு வருஷமா மூஞ்சியைப் பாத்து ஆச்சு ஆச்சுன்னீங்களே, அது எதுக்குண்ணே?"

படங்கள் போனதைவிட, ஒவ்வொரு மாதமும் தன் கண்ணெதிரே சிரித்துக்கொண்டே சொன்ன அந்தப் பொய்தான் அவள் நெஞ்சை அறுத்தது.

ரிப்பேர் கடைக்காரர் நனைந்த டிஸ்கிலிருந்து பழைய படங்களைத் தோண்டி எடுத்தார். கம்ப்யூட்டர் தேறவில்லை; டிஸ்கில் கடைசி மூன்று வருடம் இருந்த பகுதியும் கெட்டு, அந்தப் படங்கள் அடியோடு போயின. அடுத்த மாதம் தையல்காரப் பெண் ஒருத்தி வந்தாள். போன வாரம் செத்துப்போன அம்மா, போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் வாய்விட்டுச் சிரித்த படம் வேண்டுமாம்.

"இல்லம்மா. காப்பாத்தி வைக்காதது என் தப்பு" என்றாள் போட்டோக்கா. அண்ணன் பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றது.

செய்தி கேட்டு அண்ணன் ஓடிவந்தார். "புது டிஸ்க் வாங்கித் தர்றேன். இனி ஒழுங்கா பாத்துக்கறேன்."

"வேண்டாண்ணே."

இப்போது மூன்றாவது பிரதி தோழி வீட்டில் இருக்கிறது. அவளே போய் ஏற்றுகிறாள். ஏற்றியதில் பத்துப் படங்களைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறாள். அண்ணன் வந்தால் டீ கொடுக்கிறாள், பிள்ளைகளின் படிப்பை விசாரிக்கிறாள். ஸ்டுடியோ பேச்சை மட்டும் எடுப்பதில்லை.