என் பொய்யை ரோசி அக்கா சுமந்தார்

2006 லெந்து என்னும் தவக்காலத்தில் என்னால் ஜெபிக்க முடியாமல் போனது. முழங்கால் போடுவேன், வார்த்தை வராது. நான் படித்ததோ சிலுவையைப் பற்றி. கிறிஸ்து நம் பாவத்தைச் சுமந்து தீர்த்தது எப்படி என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு.

என் கணவருக்கு ஹைதராபாத்தில் சாஃப்ட்வேர் வேலை. அந்த நகரின் திருமுல்கேரிப் பகுதியில் குடியிருந்தோம். அங்கிருந்து பஸ்ஸில் இறையியல் கல்லூரிக்குப் போவேன். கல்லூரி நூலகத்தில் ரோசி அக்கா உதவியாளர். ரயில்வே பணிமனைக் குடும்பம். மூன்று தலைமுறையாக ஹைதராபாத்திலேயே வாழும் தமிழர்கள். பழைய புத்தக அலமாரியின் சாவி அவரிடம்தான் இருக்கும். அந்த லெந்துக்குச் சில மாதம் முன் ஒருநாள் என்னை நம்பிச் சாவியைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். வெளியே கொண்டுபோகக் கூடாத ஒரு பிரசங்கத் தொகுப்பைப் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் வைத்துவிடலாம் என்றுதான் எடுத்தேன்.

மறுநாள் நான் போவதற்குள் புத்தகம் காணோம் என்று தெரிந்துவிட்டது. விசாரணையில் அக்கா, "இவங்க கிட்டதான் சாவி குடுத்தேன்" என்றார். நான், "அந்தப் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை" என்றேன். அக்கா என் முகத்தையே பார்த்தார். பதினாறு வருட வேலை அன்றோடு போனது.

ஐந்து மாதம் யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடம்கூட. புத்தகம் அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடந்தது. 'யாருக்கும் தெரியக் கூடாது ஆண்டவரே' என்பது மட்டுமே என் ஜெபம். பிறகு அதுவும் நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பஸ் நெரிசலில் நின்றபடி வேறு மாதிரி கேட்டேன். 'ஆண்டவரே, எனக்குத் தைரியமில்லை. நீரே என் வாயைத் திறந்துவிடும்.'

அன்றைக்கே என் பேராசிரியர் அழைத்தார். மதுரைக்காரர். என் அத்தியாயம் அவர் மேசைமேல் இருந்தது.

"நாற்பது பக்கம் எழுதியிருக்கீங்கம்மா. 'நமக்காக'ங்கற வார்த்தை ஒரு இடத்துலகூட இல்லையே, ஏன்?"

அழுதேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கல்லூரி புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, என்னை ஒரு வருடம் நிறுத்தி வைத்தது. அக்காவைத் திரும்ப அழைத்துக் கடிதம் எழுதியது. நான் என் கணவரிடமும் சொல்லி, அவரோடு நகரின் மறுமுனையில் இருக்கும் உப்பலுக்குப் போனேன். ஒரு மருந்து கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார் அக்கா. வாசலிலேயே அவர் காலைப் பிடித்தேன்.

"அழுகையெல்லாம் நக்கோம்மா, வேணாம். நீதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். எங்க சர்ச்ல என்னைத் திருடின்னு பேசுறாங்க. அங்க வந்து சொல்லுவியா?"

"சொல்றேன்க்கா."

அடுத்த ஞாயிறு அவர் சபையில், எல்லார் முன்னாலும் நின்று சொன்னேன். அக்கா முன்வரிசையில் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

வேலைக்குத் திரும்பிய அக்கா பல மாதம் என்னோடு பேசவில்லை. பேசியபோதும், "இன்னும் வலிக்குது. ஆனா நீ படிப்ப முடி" என்றார். முடித்தேன். கிறிஸ்து எனக்காகச் சுமந்தார் என்று இப்போது எழுதும்போது ரோசி அக்காவின் முகம் முன்னால் வருகிறது. மன்னிப்பு மலிவானதல்ல என்று எனக்குக் காட்டிய தேவனுக்கு ஸ்தோத்திரம்.

இதை வாசிக்கிறவர்களே, நீங்களும் எதையாவது மூடி வைத்திருக்கலாம். சொல்லத் தைரியம் இல்லாவிட்டால், தைரியம் இல்லை என்றே ஆண்டவரிடம் சொல்லுங்கள். எனக்கு அந்த ஒரு ஜெபம் போதுமானதாக இருந்தது.