லென்ஸில் ஒட்டிய டேப்

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில், இரவு வானத்தில் பச்சையாய் அசையும் அரோரா ஒளியைப் படம் பிடிக்கப் போகிற தமிழ் ஆண்கள் ஐந்து பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவரைத்தான் நான் கட்டியிருக்கிறேன். சூரியனில் புயல் என்று போனில் ஒரு செயலி கத்தும். உடனே ஐவரும் இரண்டு காரில் ஏறி, நகர வெளிச்சம் இல்லாத இடம் தேடி வடக்கே இரண்டு மணி நேரம் ஓடுவார்கள். மனைவிமார் பொரித்துக் கொடுத்த கட்லட்டும் ரோல்ஸும் கூடவே போகும். பெரும்பாலும் முகில் மூடியிருக்கும். கட்லட்டைத் தின்றுவிட்டுத் திரும்பி வருவார்கள்.

ஒருமுறை நானும் போனேன். வானத்தின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ கிடந்தது. யாரோ அடுப்பு மூட்டிய புகை மாதிரி.

"எங்கை பச்சை?" என்று கேட்டேன்.

"கமராவிலை பாரும், தெரியும்," என்றார் என் கணவர்.

கமராவில் பச்சை இருந்தது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் அதை இன்னும் கொஞ்சம் பச்சையாக்கினார். அடுத்த நாள் வாட்ஸ்அப் குழுவில் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் 'மாஸ்டர்' என்று புகழ்ந்துகொண்டார்கள். கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியாத ஒன்றுக்காகக் குளிரில் விறைத்து நிற்பவர்களை என்னவென்று சொல்வது? விசரர், பைத்தியங்கள் என்றுதான் நான் சொன்னேன், அவர் காதுபடவே.

வீட்டில் அவரை மதித்த ஒரே ஆள் எங்கள் மகள். அப்போது அவளுக்கு எட்டு வயது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாப் படத்தையும் பார்ப்பாள். தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை அப்பம் பெறுகிற, அந்த முதல் நன்மை வாங்கும் நாள் நெருங்கியபோது, "நான் நன்மை வாங்கேக்கை அப்பாதான் படம் எடுக்கவேணும், வேற ஒருத்தரும் வேண்டாம்," என்று சொல்லிவிட்டாள். அந்த வருடம் கோயிலில் ஒன்பது பிள்ளைகள். மற்றத் தாய்மாரும், வானத்தையே பிடிக்கிற மனுசன் எங்கட கோயில் பங்கிலை இருக்கேக்கை வெளியாள் எதுக்கு என்றார்கள். பூசை நேரம் ஒருவரும் போனைத் தூக்கக் கூடாது என்று பாதர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆக, முழுப் பாரமும் இவர் தலையில்.

நன்மைக்கு முதல் நாள் சனிக்கிழமை. பின்னேரம் செயலி கத்தியது.

"இண்டைக்குப் போகாதேங்கோ," என்றேன்.

"இப்பிடி ஒரு புயல் பத்து வருசத்துக்கு ஒருக்காத்தான் வரும்."

"முதல் நன்மை எத்தினை தரம் வரும்?"

"விடிய முதல் வந்திடுவன்," என்று சொல்லிக்கொண்டே சப்பாத்தைப் போட்டார்.

வந்தது காலை எட்டரைக்கு, மிளகாய் பட்ட கண்களோடு. ஒரு மணி நேரம் படுத்தார். பிறகு அதே கமராவை, அதே லென்ஸோடு தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வந்தார். கோயிலுக்குள் வெளிச்சம் குறைவு, இந்த லென்ஸ்தான் தோது என்று எனக்கு விளக்கம் வேறு.

இருட்டில் கமரா தானாகக் குவியம் பிடிக்காதாம். அதனால் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து லென்ஸ் வளையத்தைத் திருப்பி, அது அசையாமல் இருக்க மேலே கறுப்பு டேப் ஒட்டிவிடுவார்கள். அந்த டேப்பை மாஸ்டர் கழற்றவில்லை.

அன்று மாலைதான் படங்களைப் பெரிய திரையில் போட்டார். ஒன்பது வெள்ளைச் சட்டைகள், ஒன்பது முகங்கள், எல்லாம் தண்ணீரில் கரைந்த மாதிரி. பீடத்தடியில் சனத்தைப் பார்த்து நின்று, கிட்ட இருந்த பிள்ளைகளை எடுத்திருக்கிறார், லென்ஸோ தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. கடைசி வரிசை வாங்கில் இருந்து கொட்டாவி விட்ட ஒருவரின் பல் மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது.

"அப்பா, என்ரை முகம் எங்கை?" என்றாள் மகள்.

அவர் கமராவை எடுத்து அந்த டேப்பைத் தடவிப் பார்த்தார். நான் பேசினேன். "மூண்டு வருசமா இருட்டுக்கை நிண்டு படிச்சது இதைத்தானோ? உவர் ஒரு மாஸ்டர்!" என்று சிரித்தேன். அத்தோடு விடவில்லை. எட்டுத் தாய்மாருக்கும் நானே போன் எடுத்து, அவர் முன்னாலேயே, அந்தக் கொட்டாவியையும் சேர்த்துச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் நீண்டது. நான் சொன்னதுதான் நடந்தது என்பதில் எனக்கு அவ்வளவு இன்பம். மகள் சோபாவில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் நம்மவர்கள் எப்போதும் செய்வதையே செய்தோம். திரும்ப நடித்தோம். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஒன்பது பிள்ளைகளுக்கும் அதே சட்டை, அதே முடி, கையில் அதே மெழுகுதிரி. பாதர் சலிப்போடு, விரல்களுக்கு இடையில் ஒன்றுமில்லாமல், ஒன்பது தரம் கையை நீட்டினார். என் கணவர் டேப்பை உரித்துவிட்டு, ஒவ்வொரு படத்தையும் நாலு தரம் சரிபார்த்தார். பிள்ளைகள் வெறுங்கையில் நன்மை வாங்கி, ஆமென் சொன்னார்கள்.

அல்பம் வந்ததும் எல்லோருக்கும் திருப்தி. உண்மையிலேயே நல்ல படங்கள். எங்கள் பிள்ளையின் கண்மடல் மயிரைக்கூட எண்ணலாம். ஆனால் நன்மை வாங்கும் அந்தப் படத்தில் அவள் பாதரைப் பார்க்கவில்லை, கமராவுக்குப் பின்னால் நின்ற தகப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே இழுபட்டு, புருவம் ஒன்று உயர்ந்து, இவ்வளவுதானே உமக்கு ஏலும் என்பது போல.

பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்து, "ஐயோ, அச்சு அசல் உங்களை மாதிரியே," என்றார். நான் அல்பத்தை மூடினேன். அந்த முகத்தை அவளுக்குப் பழக்கியது நான்.

என் கணவர் அந்தப் படத்தையே பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டினார். "இதைக் கழற்றுங்கோ," என்றேன்.

"ஏன்? பிள்ளை வடிவாத்தானே நிக்கிறாள்," என்றார்.

ஓம் என்றேன். சட்டம் கொஞ்சம் சரிந்திருந்தது, நேராக்கிவிட்டேன்.