வாசிப்பில் தவறிய வருஷம்

சாலோமி மூன்றாம் வகுப்பை எடுத்த நாளிலிருந்து, இன்ஸ்பெக்டர் பரீட்சையில் அவளுடைய பிள்ளைகள் தவறியதே இல்லை என்று சொல்லலாம். ஏரலுக்கு மேற்கே தாமிரபரணிக் கரையில் கிறிஸ்தவ சபைக்காரர்கள் நடத்திய பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் அது. வருஷத்துக்கு ஒரு தடவை, பிசான நெல் அறுப்புக்கு முன்னால், சர்க்கார் இன்ஸ்பெக்டர் வில்வண்டியில் வருவார். ஒவ்வொரு பிள்ளையாக எதிரே நிறுத்தி வாசிக்கச் சொல்வார், கணக்குக் கேட்பார். எத்தனை பேர் தேறினார்கள் என்பதைப் பார்த்துத்தான் சர்க்கார் உதவிப் பணம். அது குறைந்து பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றை மூடியே விட்டார்கள். ஆகையால் தை பிறந்தாலே சாலோமிக்குச் சோறு இறங்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து மூன்றாம் வருஷம், பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில், கோமு என்ற பிள்ளை பசுவைப் பற்றிய பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்தான். தண்ணீர் ஓடுகிற மாதிரி வாசிப்பாள். சாலோமி அவள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டே புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். கோமு வாசித்துக்கொண்டிருந்த வரிகள் அதில் இல்லை. அந்தத் தாளைக் கரையான் தின்றிருந்தது. அடுத்த தாளில் இருந்தது உப்பளத்தைப் பற்றிய பாடம்.

"ஏட்டி, இங்கன இருந்த பக்கம் எங்கே?"

"அது போயி ரொம்ப நாளாச்சு, டீச்சரம்மா."

"பெறகு எதப் பாத்து வாசிச்சே?"

கோமுவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "பாடத்தத்தான் வாசிச்சேன்" என்றாள்.

சாலோமி மேசையில் கிடந்த சபைப் பத்திரிகையை எடுத்து விரித்து, ஒரு வரியைக் காட்டி வாசிக்கச் சொன்னாள். கோமு அதை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். மற்ற பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பார்த்தாள். வகுப்பில் மூன்றே பேர் தட்டுத் தடுமாறி வாசித்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் கோமு மாதிரிதான். சாலோமி சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்ல, வருஷக் கடைசியில் புத்தகம் முழுக்க அவர்கள் வாயில் இருந்தது. கண்ணில் இல்லை.

தேறிப் போன பழைய பிள்ளைகளின் நினைவு வந்தது. மறுநாள் ஆற்றுக்குத் துணி துவைக்கப் போனபோது, நாலு வருஷத்துக்கு முன்னால் நன்றாகத் தேறிய ஒருத்தியைப் படித்துறையில் பார்த்தாள். "இப்பவும் வாசிக்கியா?" என்று கேட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் அப்பமே மறந்து போச்சு, டீச்சரம்மா" என்றாள்.

வீட்டில் புருஷன் பர்னபாஸிடம் சொன்னாள். அவன் கருப்பட்டி மண்டியில் நிறுவைக்காரன். பதறாத ஆள்.

"இத்தன வருஷம் பாஸாகலியா? இன்னும் ஒரு மாசம் பேசாம இரு. பரீட்சை முடியட்டும், பைய எழுத்தச் சொல்லிக் குடு."

"பரீட்சை முடிஞ்சா பாதிப் பிள்ளைக அறுப்புக்குப் போயிரும். பெறகு பள்ளிக்கூடத்துப் பக்கமே வராது. எப்பச் சொல்லிக் குடுக்க?"

"இப்பம் கொழப்பினா இதுவும் போயிரும், அதுவும் வராது."

அவன் சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டு நாள் பழையபடியே பாடம் நடத்திப் பார்த்தாள். கோமு கணீரென்று சொல்லச் சொல்ல, இவளுக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போல இருந்தது. மூன்றாம் நாள் புத்தகங்களை மூடி வைத்துவிட்டு, ஆற்று மணலைத் தரையில் பரப்பச் சொன்னாள். பெரிய பிள்ளைகள் சின்ன வகுப்புக்காரர்கள் மாதிரி மணலில் விரலால் எழுதினார்கள். புத்தகத்தைத் திறந்தபோது ஒரு கட்டளை போட்டாள்: விரலை எழுத்தின் மேல் வை, எழுத்தைப் பார்க்காமல் வாயைத் திறக்காதே.

பிள்ளைகள் திணறினார்கள். கோமு அழுதாள். தெரிந்த பாடத்தைத் தெரியாத மாதிரி வாசிக்கச் சொன்னால் என்ன செய்வாள்? கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவளுக்கு எழுத்து பிடிபட்டது. ஒரு நாள் பத்திரிகையில் 'மழை' என்ற சொல்லைத் தானாகக் கண்டுபிடித்தாள். அன்றைக்கு மட்டும் சாலோமி நிம்மதியாகத் தூங்கினாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். கடுகடுத்த மனிதர் இல்லை. பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிவிட்டுத்தான் பரீட்சையைத் தொடங்கினார். கோமுவைக் கூப்பிட்டுத் தன் புத்தகத்தில் பசுப் பாடத்தையே எடுத்துக் கொடுத்தார்.

கோமு வழக்கம் போல மடமடவென்று தொடங்கினாள். ஒரு வரி போயிற்று. சட்டென்று நிறுத்திவிட்டு டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். சாலோமிக்கு 'அப்படியே சொல்லிட்டுப் போ ஏட்டி, நிறுத்தாதே' என்று கத்த வேண்டும் போல இருந்தது. வாயைத் திறக்க முடியவில்லை, தலையைக்கூட அசைக்கவில்லை. கோமு விரலை எழுத்தின் மேல் வைத்தாள். எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தாள். அந்த வரி முடியவே நெடுநேரம் ஆயிற்று.

இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "போன வருஷம் இந்த வகுப்பு நல்லா வாசிச்சுதே அம்மா. இந்த வருஷம் என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"போன வருஷம் வாசிக்கலய்யா" என்றாள் சாலோமி. அவருக்கு அது புரியவில்லை. ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

முடிவு தபாலில் வரவேண்டும். தபால்காரர் ஊருக்குள் நுழையும்போதெல்லாம் அவள் வாசலுக்கு வந்து நின்றாள். அவர் கையை விரித்துவிட்டுப் போவார். கடைசியில் முடிவு பள்ளிக்கூட மேனேஜர் சத்தியநேசனுக்கே போய்ச் சேர்ந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு வந்தார். மூன்றாம் வகுப்பில் தேறியவர்கள் நாலு பேர். மற்றவர்கள் எல்லாரும் வாசிப்பில் தவறியிருந்தார்கள்.

சாலோமி நடந்ததை மறைக்காமல் சொன்னாள். மேனேஜர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இதை எதுக்கம்மா இப்பம் கண்டுபிடிச்சீங்க?"

பள்ளிக்கூடத்தை மூடவில்லை. ஆனால் மூன்றாம் வகுப்பை அவளிடமிருந்து எடுத்து, திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு வாத்தியாரிடம் கொடுத்தார்கள். அவளைச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். அதைவிடக் கோமுவின் நினைப்புத்தான் அவளை வாட்டியது. பழையபடியே விட்டிருந்தால் தேறியிருப்பாள். ஒரு நாள் சாலோமி அவள் வீட்டுக்குப் போனாள். கோமுவின் தாய் உலகம்மாள் முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஒரு வருஷம் அனுப்பு உலகம்மா. பிள்ளைக்கு இப்பத்தான் வாசிக்க வருது."

"வாசிக்க வருதுன்னா ஏன் பெயிலாக்குனாங்க?" என்றாள் உலகம்மாள்.

கோமு உள்ளே இருந்து வெளியே வந்தாள். "முன்னால எனக்கு வேகமா வந்துது. நீங்கதான் கெடுத்திட்டீங்க" என்றாள். சாலோமி திரும்பி நடந்தாள். கோமு அந்த வருஷமும் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை.

சின்ன வகுப்பில் சாலோமி எழுத்திலிருந்து தொடங்கினாள். புத்தகத்தைக் கண்ணில் காட்டவே பல மாதம் பிடித்தது. புது வாத்தியார் இதைப் பார்த்து முகம் சுளித்தார். செய்வது சரிதானா என்று அவளுக்கும் பல நாள் சந்தேகம் வந்தது. வண்டிச் சத்தம் கேட்டாலே இன்ஸ்பெக்டரோ என்று எட்டிப் பார்ப்பாள்.

அதிலிருந்து மூன்றாம் வருஷம் ஆனியில் பள்ளிக்கூடம் திறந்த அன்று, தாவணி போட்ட ஒரு பெண் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு சின்னப் பிள்ளையைப் பிடித்திருந்தாள். சாலோமி கிட்டே வந்து பார்த்த பிறகுதான் அது கோமு என்று தெரிந்தது.

"என் தங்கச்சி" என்றாள் கோமு. முகத்தில் சிரிப்பு இல்லை. "இவளுக்கு மொதல்லயே எழுத்தச் சொல்லிக் குடுங்க. என்னைய மாதிரி கடைசில குடுக்காதீங்க."

தங்கையின் கையை விட்டுவிட்டு, நடவுக்கு நேரமாயிற்று என்று வயலைப் பார்த்து வேகமாகப் போய்விட்டாள். சாலோமி அந்தப் பிள்ளையை உள்ளே கூட்டிப் போனாள். பேரைக் கேட்டாள். அது பயத்தில் அக்காள் போன பக்கமே பார்த்தது. சாலோமி அதன் விரலைப் பிடித்து மணலில் முதல் எழுத்தை எழுத வைத்தாள்.