ஸ்டேஷனுக்குக் கீழண்டை

மான்செஸ்டரின் ஓரத்தில் இருக்கும் ஹால்பரி என்ற புறநகரில் கணவனோடு ஆறு வருஷம் இருந்துவிட்டு ஸ்ரீரங்கம் திரும்பியவள் கோதா. நடந்து பார்க்காத இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். தில்லை நகரில் பிள்ளைகளை வெளிநாட்டுக் காலேஜுக்கு அனுப்பும் ஆபீஸ் வைத்திருந்த பிரஹலாத், கூடப் போகும் பெற்றோருக்கென்று ஹால்பரி பற்றித் தமிழில் ஒரு கையேடு கேட்டான். மழையில் எந்தப் பூங்காப் பாதை சறுக்கும், பக்கத்து ஊர்ப் பிரபு மாளிகை எந்தக் கிழமை மூடியிருக்கும் என்பதுவரை எழுதிக் கொடுத்தாள். அட்டையில் பேர் போட்டால் போதும் என்றாள்.

பேர் போட்டான்.

அதை எடுத்துக்கொண்டு மகளோடு ஹால்பரி போன புத்தூர் குமுதவல்லி அங்கிருந்து போன் செய்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஏன் கோதா, ஸ்டேஷனுக்கு அடியில கால்வாய்னு எழுதியிருக்கே. படிக்கட்டு எங்கேன்னு டிக்கெட் குடுக்கறவனைக் கேட்டேன், என்னை ஒரு மாதிரி பாத்தான். சர்ச் மாடியில சந்தைன்னு வேற இருக்கு. பாதிரியாரைக் கேக்கட்டுமா, வேண்டாமா?"

கோதாவுக்குக் காது சுட்டது. அவள் எழுதியது, ஸ்டேஷனுக்குக் கீழண்டை கால்வாய், சர்ச்சுக்கு மேலண்டை சனிக்கிழமைச் சந்தை. கீழண்டை கிழக்கு, மேலண்டை மேற்கு. ஸ்ரீரங்கத்தில் குழந்தைக்கும் தெரியும்.

அடுப்பை அணைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

அவள் விஷயத்தைச் சொல்லியும் பிரஹலாத் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பழைய தமிழா இருந்துது மாமி. படிக்கறவாளுக்குப் புரியட்டுமேன்னு எளிமையாக்கினோம். அடுத்த தடவை மாத்திடலாம். காபி சாப்பிடறேளா?"

"உங்கப்பா எங்கே இருக்கார்?"

"ஆத்துலதான்."

"எந்தத் தெரு?"

"மேலச் சித்திரை வீதி. தெரியாத மாதிரி கேக்கறேளே."

"ஏன், தெருவை மொட்டை மாடியில போட்டிருக்காளா?"

பக்கத்து மேஜைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பிரஹலாத் முகம் சிவந்தது.

"சின்ன விஷயம் மாமி."

"உனக்குச் சின்னது. கடல் தாண்டிப் போய் நின்னுண்டு ஒருத்தி சிரிக்கறது என் பேரைச் சொல்லி."

"சரி, உங்க பேரை எடுத்துடறேன்."

அப்போதுதான் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. "பேரை ஏன் எடுக்கணும்? தப்பை எடு."

மூலையில் கிடந்த கையேட்டுக் கட்டு ஒன்றைப் பிரித்து அவன் முன்னால் வைத்தாள். பேனாவைக் கையில் திணித்தாள். "அடிச்சுட்டு கீழண்டைன்னு எழுது."

அவன் பக்கத்து மேஜையைப் பார்த்தான்.

"அவளைக் கூப்பிடாதே. அவ மேலச் சித்திரை வீதியில பொறக்கலை."

காபி வந்து ஆறிப் போயிற்று. கோதா தொடவில்லை. அவன் எழுதிய ஒவ்வொன்றையும் வாங்கிப் படித்த பிறகே அடுத்ததை நீட்டினாள்.