வாய் வைத்துக் குடித்த தம்ளர்

யுத்த காலம் அது. நாமக்கல் சந்தையில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். ஒரு மாதத்தில் தாடை வீங்கி மரக்கட்டை போல இறுகிவிட்டது. பிறகு அது வெளிப்பக்கம் உடைந்து, ரவை ரவையாக மஞ்சள் மணிகளோடு சீழ் வடிந்தது.

எங்கள் வீட்டில் எல்லோரும் அண்ணாந்துதான் தண்ணீர் குடிப்போம். வாயைத் திறக்க முடியாத நான் உதட்டை வைத்து உறிஞ்சினேன். அதனால் மாமியார் எனக்கென்று ஒரு கொட்டாங்குச்சியை ஒதுக்கினார். கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

கடைசியில் அவரே வண்டி கட்டி என்னைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டரம்மா ஒரு மணியைக் கண்ணாடித் துண்டில் நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்க, இது ஒட்டுவாரொட்டிங்களா? ஊட்ல கொழந்தைங்க இருக்குதுங்க" என்றார் மாமியார்.

"இல்லீங்க. இந்தக் கிருமி எல்லார் வாயிலயும் சும்மா கெடக்கறதுதான். பல்லுப் புடுங்குன புண்ணு வழியா உள்ள எறங்கிருச்சு."

"என்ற வாயிலயுமுங்களா?"

"உங்க வாயிலயும், என் வாயிலயும்."

மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

மாதக்கணக்கில் சல்பா மாத்திரை தின்றுதான் வீக்கம் வடிந்தது. ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய சாயங்காலம். மாமியார் தம்முடைய பித்தளைத் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, "வாய் வெச்சே குடி, சாமி" என்றார். பாதி குடித்துக் கீழே வைத்தேன். மீதியை அவர் எடுத்து, அண்ணாந்து குடிக்காமல், உதட்டை வைத்தே குடித்தார்.

எங்கள் பக்கம் மாமியார் மருமகளிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. தெம்பிருந்திருந்தால் அன்று அழுதிருப்பேன்.