வயிற்றுப்பிள்ளைக்கு வந்த மாவு

பக்கத்து வீட்டுப் பெண் சத்துமாவுப் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்து, ஆட்டுத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கலக்கினாள். அந்த வறுத்த வாசனை சுவர் தாண்டி வந்ததும் நான் கைவேலையை விட்டுச் சுவரோரம் போய் நின்றேன். முழுகாமல் இருக்கிறாள் என்று பால்வாடியில் அவளுக்குக் கொடுத்த மாவு. அவளைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் வேறு நல்ல சாப்பாடு இருக்கிறது, இந்த ருசி பிடிக்கவில்லை. இருக்கட்டும், மகராசி. எனக்குத்தான் மதினி ஞாபகம் வந்து தொலைத்தது.

மதினி என் அண்ணன் மனைவி. அவள் உண்டாகியிருந்த வருஷம் அண்ணன் வேலை பார்த்த ராஜபாளையத்து மில்லை மூடிவிட்டார்கள். மம்சாபுரம் வீட்டில் அவர்கள் இருவர், நான், இரண்டு தம்பிகள். ரேஷன் அரிசி பாதி மாதம் தாண்டாது. அதற்குப் பிறகு வீட்டில் சத்தான பண்டம் என்றால் மதினிக்கு வரும் அந்த மாவு ஒன்றுதான். வெந்நீர் தெளித்து உருண்டை பிடிப்பாள். முதல் உருண்டை மூட்டை தூக்கப் போகும் அண்ணனுக்கு, மிச்சம் எங்களுக்கு. சட்டியில் ஒட்டியதை அலசிக் குடிப்பதோடு அவளுக்குச் சரி. "எனக்கு இந்த வாடையே கொமட்டுது தாயி, நீங்க தின்னுங்க" என்பாள். நாங்களும் நம்பித் தின்றோம்.

பால்வாடி டீச்சர் அவளை எடை போட்டுவிட்டுச் சத்தம் போடுவார். "ஏட்டி, மாவு ஒனக்கா, ஊருக்கா? வயித்துல கெடக்கது எதைத் திங்கும்?" மதினி சிரித்தே மழுப்புவாள். "அவிய மூட்டை தூக்கணும்லா டீச்சர்."

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. எடையே இல்லை என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அதிலிருந்து அது உயிரோடு வெளியே வரவில்லை. மதினி வெறுங்கையோடு வீடு திரும்பினாள்.

பால் கொடுக்கிற தாய்க்கும் மாவு உண்டு. பிள்ளை தங்காத வீட்டுக்குக் கிடையாது. ஆனாலும் டீச்சர் நோட்டில் மதினி பேரை அடிக்காமல் ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மதினி உருண்டை பிடித்தாள். தம்பிகள் தட்டோடு நின்றார்கள். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தானே தின்றாள்.

"கொமட்டுதும்பீயளே மதினி" என்றான் சின்னவன்.

அவள் திரும்பவில்லை. "இப்பம் கொமட்டலய்யா" என்றாள்.

"என்னக்கா, ஆட்டை அப்படிப் பாக்கீய?" பக்கத்து வீட்டுப் பெண் சிரித்தாள். "செனை ஆடு. இப்பம் நல்லாத் தின்னாத்தான குட்டி தெடமா விழும்."

"ஆமாம்மா, நல்லா வையி" என்றேன். அது தொட்டியை நக்கி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.