சங்கை வெட்டிய சித்தப்பா

சித்தப்பாவோடு நான் பேசுவதில்லை. "ஆசையாத்தானேம்மா செஞ்சாரு" என்று சமாதானம் சொல்ல வருகிறவர்களைக் கண்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆசையாகச் செய்தால் எதை வேண்டுமானாலும் வெட்டிவிடலாமா?

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். இளவயதில் சாக்ஸபோன் வாசித்தார். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் கூல் ஜாஸ் ரெக்கார்டுகள் போடும். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டே பழகினார். கத்தாத சங்கீதம் அது. ஒரு வரி வாசித்துவிட்டு, அவசரப்படாமல் நிறுத்தி, யோசித்து அடுத்ததைத் தொடங்க வேண்டும். கல்யாண பேண்டில் சேர்ந்தபோது, "சத்தமா ஊதுங்க, மாப்பிள்ளை தூங்கிடப் போறாரு" என்று கிண்டலடித்து அனுப்பிவிட்டார்கள். சர்ச்சில் பாடகர் குழுவை நடத்திய சித்தப்பாவோ, இது பாரில் வாசிக்கிற சமாச்சாரம் என்று சொந்த அண்ணனையே ஓரங்கட்டினார்.

கேட்க ஆளில்லாததால் அப்பா தனக்குத்தானே ஒரு கேசட்டில் பதிவு செய்துவைத்தார். லீவு போட்ட நாட்களில், ஒர்க்‌ஷாப் சங்கு ஊதுவதற்குச் சற்று முன்னால் டேப் ரெக்கார்டரை வாசலில் வைத்து வாசிக்கத் தொடங்குவார். நேரம் நெருங்கியதும் நிறுத்திவிடுவார். சங்கு முழுசாக ஊதி அடங்கும். அது எந்தச் சுரத்தில் அடங்கியதோ அதே சுரத்தைப் பிடித்து மறுபடி மெல்லத் தொடங்குவார். பொன்மலையே அந்தச் சங்குக்கு ஓடியது. அப்பா மட்டும்தான் அதோடு சேர்ந்து வாசித்தார்.

இப்போது அவருக்குப் பல்செட். ஊத முடியாது. அந்தக் கேசட் ஒன்றுதான் மிச்சம்.

நானும் என் நண்பர்களும் சேர்ந்து, கிறிஸ்தவப் பாடல்களை ராக் பாணியில் பாடும் காஸ்பல் ராக் இசைக்குழு நடத்துகிறோம். நான் டிரம்ஸ். கிட்டார் வாசிப்பவன் ஸ்ரீரங்கத்துப் பையன்; அவன் வீட்டு மாடியில்தான் எங்கள் ஒத்திகை. எந்தக் கம்பெனியும் இல்லாமல் நாங்களாகவே முதல் ஆல்பம் போட்டோம். அதன் தொடக்கத்தில் அப்பாவின் பதிவு வர வேண்டும் என்று முடிவு செய்தோம். ஒரு தடவையாவது நாலு பேர் அவர் வாசிப்பதைக் கேட்கட்டும் என்று எனக்கு அவ்வளவு தவிப்பு.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் தெரிந்த ஸ்டுடியோ இருக்கிறது, தானே பார்த்துக்கொள்கிறேன் என்று சித்தப்பா வாங்கிப் போனார். கொடுத்தது என் புத்தி.

ஸ்ரீரங்கத்து மாடியில் உட்கார்ந்து, திரும்பி வந்ததைப் போட்டுக் கேட்டோம். சாக்ஸபோனுக்கு அடியில் கீபோர்டு இழைந்தது. அப்பா நிறுத்திய இடத்தில் சங்கு இல்லை. அங்கே சித்தப்பா எக்கோ வைத்த குரலில் ஒரு வேத வசனத்தை முழங்கிக்கொண்டிருந்தார்.

காபி கொண்டுவந்த நண்பனின் அம்மா தட்டோடு நின்றுவிட்டார்.

"ஏம்மா, அப்பா வாசிக்கறச்சே நடுவுல யாரு பேசறா?"

அப்பா வாசித்ததைக் காது கொடுத்துக் கேட்ட மனுஷி அவர் ஒருவர்தான். அங்கிருந்தே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"சங்கு எங்க சித்தப்பா?"

"அந்த இரைச்சலா? எடுக்கச் சொல்லிட்டேன். பாட்டுல சங்கு ஊதினா கேக்கிறவன் டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு வேலைக்குக் கிளம்பிடுவான்மா."

"அதுக்கு அங்க நீங்க பேசணுமா?"

"கேப் விட்டா பாட்டு முடிஞ்சிடுச்சுன்னு நினைச்சு ஜனங்க ஆமென் சொல்லிடுவாங்க. அண்ணன் பேரு கெடக்கூடாதுல்ல?"

கேசட் எங்கே என்று கேட்டேன். பூஞ்சை பிடித்திருந்ததாம், வேலை முடிந்ததும் ஸ்டுடியோவிலேயே தூக்கிப் போடச் சொல்லிவிட்டாராம். சித்தப்பாவும் பணி ஓய்வு பெறும்வரை அதே ஒர்க்‌ஷாப்பில் அதே சங்குக்குச் சாப்பிட்டு, அதே சங்குக்கு வீடு திரும்பிய மனிதர். தினமும் கேட்டுக் கேட்டு, அது அவர் காதில் இரைச்சலாகிப் போயிருந்தது.

நானே ஸ்டுடியோவுக்குப் போய்ச் சண்டை போட்டு, வசனத்தையும் கீபோர்டையும் எடுக்கவைத்தேன். சங்கு மட்டும் கிடைக்கவில்லை. அழித்தது அழித்ததுதான் என்றார்கள். இப்போது அந்த இடம் வெறுமையாக இருந்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் தம்பியைத் திட்டவில்லை.

"நான் ஏன் அந்தச் சுரத்துல ஆரம்பிச்சேன்னு இனிமே யாருக்கும் புரியாது, அவ்வளவுதான்," என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பொன்மலையில் ஒரு ஹாலில் ஆல்பம் வெளியீடு. சித்தப்பா முதல் வரிசையில், மாலையோடு. அப்பா என் பக்கத்தில், இரண்டாம் வரிசையில். ஸ்பீக்கரில் அவருடைய சாக்ஸபோன் தொடங்கியது. சொந்த வாசிப்பை இத்தனை பேர் நடுவில் அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. சில வரிகள். பிறகு நின்றது. ஹாலில் சத்தமே இல்லை. யாரோ ஆமென் சொல்லத் தொண்டையைச் செருமினார்கள்.

அப்போது அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "ஊ..." என்று ஆரம்பித்தார். அடிவயிற்றிலிருந்து எழுந்து, ஏறி, நின்று, மெல்ல இறங்கியது. ஒர்க்‌ஷாப் சங்கேதான். பின்வரிசைப் பெரியவர்கள் இரண்டு பேர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். குரல் ஒரு சுரத்தில் வந்து அடங்கியது. ஸ்பீக்கரில் சாக்ஸபோன் அதே சுரத்தில் தொடங்கியது.

நான் அழுதுவிட்டேன். முதல் வரிசையிலிருந்து சித்தப்பா திரும்பினார், உதட்டில் விரலை வைத்தபடி.

"அண்ணே, ரெக்கார்டு ஓடுதுல்ல? சத்தம் போடாதீங்க."